செய்யாற்றுக்கு இரண்டு அக்கரை

லண்டன் போனவர்கள் எழுதுகிறார்கள், மாஸ்கோ போனவர்கள் எழுதுகிறார்கள், சிங்கப்பூரில் கப்பல் ஒரு நாள் நின்றதை வைத்து இருநூறு பக்கம் எழுதியவரையும் எனக்குத் தெரியும். நான் உத்திரமேரூர் போய் வந்தேன். திருவல்லிக்கேணியிலிருந்து ஐம்பது அறுபது மைல்தான் இருக்கும். ஆனால் வெளிநாட்டுப் பயணத்துக்கு உண்டான லட்சணம் அத்தனையும் அதற்கு இருந்தது. கிளம்புமுன் அம்மை குத்திக்கொண்டேன். அங்கே ஓர் எல்லை இருந்தது, எல்லைக்கு இரண்டு பக்கமும் அதிகாரிகள். பேச்சு நம் பேட்டைப் பேச்சு மாதிரியே இருந்து ஏமாற்றியது. திரும்பி வரும்போது ஒரு செருப்பு இல்லை.

என் உத்தியோகம் வரைபடம் வரைவது. சுகாதார அலுவலகம் ஒன்றின் மாடியில், மின்விசிறி எட்டாத மூலையில் எனக்கு ஒரு சாய்வு மேஜை. எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த சமயம், எல்லோரும் பத்து மணிக்கே வந்துவிடுவோம். பெரியம்மை நாட்டை விட்டுப் போய்விட்டது என்று அப்போது பேச்சு. போய்விட்டதை நிரூபிக்க வேண்டும், அதுதான் எங்கள் வேலை. இருக்கிற நோயைக் காட்ட ஒரு நோயாளி போதும். இல்லாத நோயைக் காட்ட வேண்டுமென்றால் ஒரு வீடு பாக்கியில்லாமல் போய்ப் பார்த்து ‘இல்லை’ என்று எழுதி வர வேண்டும். அப்படி எழுதிய பட்டியல்கள் என் மேஜைக்கு வரும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் ஒரு பூஜ்யம் போடுவேன். ஆறு வந்தால் நீலம். ஆற்றின் தென்பக்கத்துப் பஞ்சாயத்து யூனியனுக்குப் பச்சை, வடபக்கத்துக்கு மஞ்சள். நோய்க்கும் இந்தக் கலர் தெரியும், தாண்டி வராது என்று நாங்கள் நம்பினோம்.

வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து இதையெல்லாம் சரிபார்க்கப் போவதாகச் செய்தி வந்தது. படத்தின் மேல் விரல் வைத்து, ‘இந்த ஊருக்கு அழைத்துப் போ’ என்பார்களாம். எங்கள் மேலதிகாரி அன்றே என் படத்தின் மேல் தானே விரலை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். அவர் விரல் செய்யாற்றங்கரையில் வந்து நின்றது.

“இதென்னய்யா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கரை, இந்தப் பக்கம் ஒரு அக்கரை. இரண்டுக்கும் பூஜ்யத்தைக் காணோம்?”

பட்டியலைப் புரட்டினேன். தென்கரைக்காரர் பட்டியலின் கடைசியில், ‘அக்கரை, நம் எல்லையில் இல்லை’ என்று இருந்தது. நம் எல்லையில் இல்லையென்றால் வடக்கேதானே இருக்கும் என்று வடக்கே ஒரு புள்ளி வைத்திருந்தேன். வடகரைக்காரர் பட்டியலிலும் அச்சாக அதே வரி. அதற்குத் தெற்கே ஒரு புள்ளி. உங்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். நீங்கள் சர்க்கார் உத்தியோகத்தில் இல்லை, அதனால் சீக்கிரம் விளங்குகிறது. மேலதிகாரிக்கும் எனக்கும் விளங்கவில்லை.

“நேரே போய் எது நிஜ அக்கரை என்று பார்த்து, வீடு எண்ணிக்கொண்டு வாரும். பத்து நாளில் குழு வருகிறது.”

முதல் நாள் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மிளகும் சுக்கும் தூக்கலாகப் போட்ட இட்லி சாப்பிட்டேன். ஒன்று சாப்பிட்டால் இன்னொன்று கேட்கக் கூச்சமாக இருக்கும், அத்தனை பெரிசு. கேட்டேன். உத்திரமேரூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, ஆனால் உட்கார்ந்தபடி இருக்க முடியவில்லை. தை பிறந்து அறுவடை தொடங்கியிருந்ததால் வழியெல்லாம் ரோட்டில் கதிர் பரப்பியிருந்தார்கள். பஸ் அதன்மேல் ஏறிப்போனால் கூலியில்லாமல் போரடித்த மாதிரி. எங்கள் டிரைவர் நல்ல மனிதர். ஒரு இடத்தில் யாரோ கைகாட்டவும் பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்து இன்னொரு முறை ஏற்றிக் கொடுத்தார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. மவுண்ட் ரோட்டில் ஒரு நிமிஷம் பஸ் நின்றால் கடிகாரத்தைப் பார்க்கிற நானும் பேசாமல் இருந்தேன்.

உத்திரமேரூரில் என்னை எதிர்கொண்டவர் தென்கரையின் சுகாதார ஆய்வாளர் கஜேந்திரன். நாற்பது வயது, இஸ்திரி போட்ட காக்கி, சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்றாவது எழுதாது. பதிவேட்டை என் முன் விரித்து, பக்கம் பக்கமாகப் பூஜ்யங்களைக் காட்டினார். நெல் மூட்டையை எண்ணிக் காட்டுகிற முதலாளியின் பெருமை அவர் முகத்தில் இருந்தது.

“இந்த அக்கரை எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன்.

“அக்கரையா? அது நம்மள்து இல்ல சார். வடகரையில தட்சிணாமூர்த்தின்னு ஒருத்தர் கீறாரு, அவுரு ஏரியா.”

“அவர் பட்டியலில் உங்கள் ஏரியா என்று இருக்கிறது.”

கஜேந்திரன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அவுரு எய்தனா ஆயிடுமா சார்? ஆத்துக்கு அந்தப் பக்கம்னா அக்கரை. இத மெட்ராஸ்ல கேக்கறீங்களே.”

அன்று ராத்திரி அலுவலகத்து மேஜையிலேயே படுத்தேன். நம்மூர்க் கொசுவை இகழ்ந்து பேசியதற்காக வருந்தினேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இரண்டாம் நாள் கஜேந்திரன் தன் சைக்கிளின் கேரியரில் என்னை ஏற்றிக்கொண்டார். திருப்புலிவனம் தாண்டி முதல் பஞ்சர். ஒட்டிக்கொண்டு கிளம்பி, கழனி வரப்பில் இறங்கியதும் இரண்டாவது. அப்புறம் சைக்கிள் எங்கள்மேல் சவாரி செய்தது. ஆற்றங்கரைக்கு முந்திய ஊரில் ஒரு டீக்கடை. நாங்கள் வருவதற்குள் பெஞ்சில் இருந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் எழுந்து கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டார்கள். காக்கிச் சட்டையும் தோல் பையும் சேர்ந்து வந்தால் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வருகிறார்கள் என்று அந்த நாளில் ஊரெல்லாம் பயம். கஜேந்திரன் தோட்டத்தைப் பார்த்து, “யோவ், அம்மை டிபார்ட்மெண்டுய்யா,” என்று கத்தினார். மூன்று நான்கு தலைகள் வெளியே வந்தன.

சம்பிரதாயத்துக்கு அவர் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். பெரியம்மை போட்ட ஒரு குழந்தையின் வண்ணப் படம். இந்த மாதிரி யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டு, வீடு வீடாகக் காட்டுகிற அட்டை அது. டீக்கடைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“போன வருசமும் இதே கொயந்தையத்தான் இட்டாந்து காட்டுன. இன்னுமா சரியாவல?”

“படம்யா அது. இந்த மாரி ஒடம்புல போட்டவங்க யாருனா கீறாங்களா?”

“இங்க இல்ல. அக்கரையில ஒரு பொட்டக் கொயந்தைக்குப் போட்டுகீது. பத்துப் பன்னெண்டு நாளாவுது. அதான் அவங்கள இந்தக் கரையில ஏற வுடறது இல்ல.”

கஜேந்திரனின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு இது புதுச் செய்தி இல்லை என்று தெரிந்தது. அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “அதான் சொன்னேனே சார், நம்மள்து இல்லன்னு,” என்றார்.

கரைமேல் ஏறியதும் எல்லாம் கண்ணுக்கு எதிரே கிடந்தது. செய்யாறு அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து ஓடியது. நடுவே நாணலும் வேலிகாத்தானும் மண்டிய ஒரு மேடு, மேட்டின்மேல் முப்பது குடிசை. தென்கரையில் நின்று பார்த்தால் அது அக்கரை. வடகரையில் நின்று பார்த்தாலும் அக்கரைதான். கேட்டவர்களிடம் ஊரார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதை ஊர்ப் பெயராக எழுதியவர்கள் ஆய்வாளர்கள், அதற்குப் புள்ளி வைத்தவன் நான். கோடையில் ஆறு வறண்டுவிட்டால் இரண்டு பக்கமும் மணலில் நடந்து போய்விடலாம், அப்போது அது ஆறே இல்லை, தெரு. ஐப்பசியிலிருந்து மாசி வரை தண்ணீர் ஓடும், அப்போது சுவர். வீடு வீடாக அம்மை தேடுகிற எங்கள் ‘தேடுதல் வாரம்’ வருஷா வருஷம் மழைக்கப்புறம்தான் வரும். நான் மெட்ராஸில் உட்கார்ந்து வருஷம் பூராவும் ஒரே நீலத்தை அடித்துக்கொண்டிருந்தேன்.

“வாருங்கள், போய்ப் பார்த்துவிடுவோம்,” என்றேன்.

கஜேந்திரன் தண்ணீர் விளிம்பில் நின்றார். “நம்ம ஏரியா இத்தோட முடியுது சார். நீங்க மெட்ராஸ், எங்க வேணா போலாம்.”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படச் சுருளைத் தலைமேல் வைத்துக்கொண்டு இறங்கினேன். முழங்கால் ஆழம் என்றார்கள். யாருடைய முழங்கால் என்று நான் கேட்கவில்லை. பாதி வழியில் கால் ஒரு பள்ளத்தில் இறங்கியது. ஒரு செருப்பு போயிற்று. படமும் போயிருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் விறுவிறுவென்று வந்து ஒரு கையால் சுருளையும் இன்னொரு கையால் என் சட்டைக் காலரையும் பிடித்தாள்.

அவள் பெயர் ரோசம்மா. முப்பது வயதிருக்கும். என்னை மேட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, “நீ டாக்டரா சார்?” என்பது.

“இல்லை.”

“அப்ப இன்னாத்துக்கு வந்த?”

வீடு எண்ண வந்தேன் என்று சொல்லச் சங்கடமாக இருந்தது. அவளுடைய குழந்தைக்குத்தான் போட்டிருந்தது. ஸ்டெல்லா, நான்கு வயது, வாழையிலையில் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதா படத்துக்குமேல் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தார்கள், வாசலிலும் அதே வேப்பிலை. வீட்டில் தாளிப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. எனக்கு உப்புப் போட்ட கேழ்வரகுக் கூழும் ஒரு வெங்காயமும் கொடுத்தாள். பக்கத்துக் குடிசையிலிருந்து கெளுத்திக் குழம்பின் மணம் வந்துகொண்டிருந்தது, நோய் இல்லாத வீடு. எனக்கு அந்த வீட்டு விருந்தாளியாகப் போயிருக்கலாமே என்று தோன்றியது. மனிதனுடைய மனசு எந்த இடத்திலும் இப்படித்தான் இருக்கிறது.

அந்த மேட்டுக்குப் பெயர் ஆத்துமோடு. நிலம் யாருக்கும் இல்லை. இரண்டு கரைக் கழனிகளிலும் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்கிறவர்கள்.

“அறுப்புக் கூலி நெல்லுதான் சார் எங்களுக்கு வருசம் பூராவும் சோறு,” என்றாள் ரோசம்மா. “இப்ப ரெண்டு கரையிலயும் அறுக்க ஆரம்பிச்சிட்டாங்க. கொயந்தைக்கு அம்மை போட்டுகீதுன்னு சொல்லி எங்கள கயினியில எறங்க வுடல. ஒருத்தர் இல்ல, மோட்டுல கீற அத்தினி பேரையும். பெரியம்மை இல்லன்னு சர்க்கார் சீட்டு எய்திக்கினு வா, அப்பால அறுவாளத் தொடுன்றாங்க. வெளியூர் ஆள இட்டாந்து அறுக்கறாங்க. இன்னும் நாலு நாளு பூட்டா அறுப்பே முடிஞ்சிடும்.”

“ஆய்வாளரிடம் கேட்டீர்களா?”

“கேக்காமயா? அந்தாண்ட கேட்டா இந்தாண்டன்றாரு, இந்தாண்ட கேட்டா அந்தாண்டன்றாரு. ஒரே பேஜாரா கீது.”

“உங்களுக்கெல்லாம் அம்மை குத்தியிருக்கிறதா?”

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். இரண்டு தோளிலும் தழும்பு.

“இது தென்கரையில நடவுக்குப் போனப்ப புடிச்சிக் குத்துனது. இது வடகரையில களை எடுக்கப் போனப்ப. எங்க ஊருல எல்லாருக்கும் ரெண்டு. கொயந்தைங்களையும் இடுப்புல தூக்கிக்கினுதானே வேலைக்குப் போறோம், அதுங்களுக்கும் ரெண்டு.”

மாவட்டத்தில் எந்த ஊரும் இவ்வளவு பத்திரமாக இருந்திருக்காது. பட்டியலில் இல்லாத ஊருக்கு ஊசி இரட்டிப்பாகக் கிடைத்திருக்கிறது.

ஈரப் படத்தை வெயிலில் விரித்தேன். ஆத்துமோட்டார் சுற்றி நின்று பார்த்தார்கள். திருமுக்கூடல், மாகறல் எல்லாவற்றையும் காட்டினேன். இங்கே ஒரு அக்கரை, அங்கே ஒரு அக்கரை. “நாங்க எங்க சார்?” என்று ரோசம்மா கேட்டாள். நான் விரல் வைத்த இடத்தில் நீலம் மட்டும்தான் இருந்தது.

“தண்ணியிலயா கீறோம்?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பென்சிலை எடுத்து, நீலத்தின் நடுவே ஒரு புள்ளி வைத்து, ‘ஆத்துமோடு’ என்று எழுதினேன். வீடுகளை எண்ணினேன், முப்பத்தொன்று. ஊருக்குப் போனதும் மையில் போட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். அவள் தலையசைத்தாள். அப்புறம், “சீட்டு?” என்றாள்.

அதை நான் எழுத முடியாது. இரண்டு ஆய்வாளர்களுக்கும் ஆள் அனுப்பி, நாளைக் காலையில் மெட்ராஸ் அதிகாரி வரச் சொல்கிறார் என்று சொல்லச் சொன்னேன். என் வாழ்க்கையில் என்னை நானே அதிகாரி என்று சொல்லிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாம் நாள் இருவரும் வந்தார்கள். தென்கரைத் தண்ணீர் விளிம்பில் கஜேந்திரன், வடகரைத் தண்ணீர் விளிம்பில் தட்சிணாமூர்த்தி. இவர் ஐம்பதைத் தொட்டவர், தும்பைப்பூ வேட்டி, குடை. இரண்டு பேரும் நல்ல மனிதர்கள், நல்ல வேலைக்காரர்கள், பத்து வருஷத்துச் சிநேகிதர்கள். ஆனால் ஒருவரும் தண்ணீரில் காலை வைக்கவில்லை. மேட்டில் போய்க் குழந்தையைப் பார்த்தவர் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேட்டில் எழுதினால் ஊர் அவருடையது. ஊர் அவருடையதானால், இத்தனை வருஷமாக அதை ஏன் தேடவில்லை என்று குழு கேட்கும். காய்ச்சல் கொப்புளம் என்று ஒரு வரி விழுந்தால் பக்கம் பக்கமாகப் போட்ட பூஜ்யமும் கேள்விக்கு வந்துவிடும்.

சம்பந்தி வீடுகளுக்கு நடுவே தரகர் போகிற மாதிரி நான் இரண்டு கிளையிலும் மாறி மாறி இறங்கி ஏறினேன்.

“தாலுகா மேப்புல பாருங்க சார், ஆத்தோட தென்கரை வரைக்கும்தான் என்னுது,” என்றார் கஜேந்திரன்.

“எனக்கு வடகரையிலேர்ந்துதான் ஆரம்பம்,” என்றார் தட்சிணாமூர்த்தி. “நடுவுல கீறது பொதுப்பணித் துறை. ஆறு அவங்களுது.”

“பொதுப்பணித் துறை அம்மை பார்க்குமா?”

“அத அவங்களத்தான் கேக்கணும்.”

ஆறாவது தடவை நான் தண்ணீரை விட்டு ஏறும்போது ரோசம்மா குடிசை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். விறுவிறுவென்று உள்ளே போனாள். பழைய வெள்ளைச் சேலையில் குழந்தையைச் சுற்றி இடுப்பில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தென்கிளையில் இறங்கினாள், நானும் பின்னால் போனேன். கரையில் நின்ற கழனி ஆட்கள் பின்வாங்கினார்கள். கஜேந்திரனால் மட்டும் பின்வாங்க முடியவில்லை, காக்கி போட்டிருந்தார். அவர் காலடியில் துண்டை விரித்துக் குழந்தையை உட்கார வைத்தாள்.

“இப்ப இது எந்தக் கரை சார்?”

கஜேந்திரன் வடகரையைப் பார்த்தார்.

“நீயே சொன்ன, தண்ணிக்கு இப்பால உன் ஏரியான்னு. கொயந்த உன் ஏரியாவுல கீது. பாக்கலன்னா போ, நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன். வெள்ளக்காரன் வர்றானாமே, அவன் வர்ற வரைக்கும் குந்திக்கினு இருக்கேன்.”

கஜேந்திரன் பேனாக்களை எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் நான் பார்த்தது வேறு மனிதர். குழந்தையின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், உள்ளங்கால்களைத் திருப்பிப் பார்த்தார், அங்கே ஒரு கொப்புளம்கூட இல்லை. சேலையை விலக்கி மார்பையும் முதுகையும் பார்த்தார். எல்லாம் அங்கேதான் இருந்தது, சில காய்ந்து, சில உதிர்ந்து, சில இன்னும் நீர்கோத்து. “வலிக்குதாம்மா?” என்று குழந்தையைக் கேட்டார். அது இல்லையென்று தலையாட்டியது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“சின்னம்மை சார்,” என்றார். “பெரியம்மைன்னா கையி காலுலதான் ஜாஸ்தி இருக்கும், எல்லாம் ஒரே தினுசா பழுக்கும். இது ஆறிக்கினு வருது. பயமே இல்ல.”

ஒரு நிமிஷ வேலை. பன்னிரண்டு நாளாக முப்பத்தொரு வீடு அதற்காகப் பட்டினிக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது.

அவர் சீட்டு எழுதினார். ‘பரிசோதித்ததில் சின்னம்மை, பெரியம்மை அல்ல, இவ்வூரார் வேலைக்கு வரத் தடையில்லை.’ கையெழுத்து, முத்திரை. ஊர் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ‘அக்கரை’ என்று எழுதினார். ரோசம்மா சீட்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு குழந்தையைத் தூக்கினாள். தென்கிளையைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, வடகிளையைத் தாண்டினாள். தட்சிணாமூர்த்தி குடையை மடக்கி வைத்துவிட்டுத் தயாராக நின்றார். அவரும் பார்த்தார், அவரும் சின்னம்மை என்றார். அவர் சீட்டிலும் ஊர் ‘அக்கரை’. இரண்டு சர்க்கார் முத்திரையும் ஆத்துமோடு தன்னுடையதில்லை என்று உறுதி செய்தன. ஆனால் கழனிக்காரர்கள் கேட்டது முத்திரைதான். மறுநாள் விடியற்காலையில் மேட்டு ஜனங்கள் இரண்டாகப் பிரிந்து, இரண்டு கரைக்கும் அரிவாளோடு இறங்கிப் போனார்கள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ரோசம்மா வடகரைக் கழனியில் இருந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை, பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். தூரத்திலிருந்து கையை ஆட்டி, “மையில போட்டுடு சார்,” என்றாள்.

போட்டேன். மெட்ராஸ் வந்த அன்றே நீலத்தின் நடுவே மேட்டைக் கீறி, கறுப்பு மையில் புள்ளி வைத்து, என்னால் முடிந்த அழகான எழுத்தில் ஆத்துமோடு என்று எழுதினேன். இரண்டு பொய் அக்கரைகளையும் சுரண்டி எடுத்துவிட்டேன். மேலதிகாரி படத்தைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டார்.

“இது பச்சையா, மஞ்சளா?”

“இரண்டும் இல்லை சார்.”

“கலர் இல்லாமல் எப்படி? பச்சையில் சேர்த்தால் பச்சையில் ஒரு ஊர் கூடும், பட்டியலோடு ஒத்துப்போகாது. மஞ்சளும் அப்படித்தான். தேடினார்களா?”

“பட்டியலில் இல்லை. ஆனால் எல்லோருக்கும் இரண்டு தடவை அம்மை குத்தியிருக்கிறது. நானே பார்த்தேன்.”

“நீர் பார்த்தது கணக்கில்லை. தேடாத ஊர் ஒன்று இருக்கிறது என்று படமே சொன்னால், அங்கே அம்மை இல்லையென்று நாம் எப்படிச் சொல்வது? அங்கே இல்லையென்று சொல்ல முடியாவிட்டால் மாவட்டத்தில் இல்லையென்று சொல்ல முடியாது. மாவட்டத்தில் இல்லையென்று சொல்ல முடியாவிட்டால்…” அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். “தேசம் பூரா காத்திருக்கிறதய்யா. குழு போகட்டும், அப்புறம் போட்டுக்கொள்ளும்.”

பிளேடு எடுத்துச் சுரண்டினேன். பத்து நிமிஷம் ஆயிற்று. சுரண்டிய இடத்தில் நீலம் பூசி, காய்ந்ததும் இன்னொரு தரம் பூசினேன். குழு வந்தது, படத்தில் விரல் வைத்தது, மாவட்டத்தின் வேறு கோடியில் ஏதோ ஒரு ஊருக்குப் போய் இளநீர் குடித்துவிட்டு, திருப்தி என்று எழுதிவிட்டுப் போயிற்று. அவர்கள் எழுதியது சரிதான். பெரியம்மை நிஜமாகவே இல்லை, ஆத்துமோட்டிலும் இல்லை. அதற்காக நான் இன்றும் சந்தோஷப்படுகிறேன்.

குழு போன மறுநாள் புள்ளியைத் திரும்ப வைக்கப் படத்தைக் கேட்டேன். அது அறிக்கையோடு சேர்ந்து பைண்டாகிவிட்டது. சரிபார்த்தாகிவிட்ட படத்தில் ஒரு ஊரைச் சேர்த்தால் குழு தப்பான படத்தைச் சரிபார்த்தது என்று ஆகும், இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் மேலதிகாரி. அதற்கப்புறம் மாவட்டத்துக்கு வந்த மற்ற திட்டப் படங்களையும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வரைந்தோம், குழாய்க்கிணறு, பள்ளிக்கூடம், மின்சாரம் எல்லாவற்றுக்கும். ஒவ்வொரு தடவையும் சேர்த்துவிடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். எந்தக் கலர் என்று கேட்டார்கள்.

சில மாதம் கழித்து பெரியம்மை ஒழிப்பில் பணியாற்றியவர்களுக்கெல்லாம் பாராட்டுத் தாள் கொடுத்தார்கள். கஜேந்திரனுக்கு வந்திருக்கும், தட்சிணாமூர்த்திக்கு வந்திருக்கும். எனக்கும் ஒன்று வந்தது, பெயரில் எழுத்துப் பிழைகூட இல்லை. சட்டம் போட்டு மாட்டச் சொன்னாள் மனைவி. வேண்டாமென்று பெட்டியில் வைத்துவிட்டேன். பெரியம்மையை ஒழித்ததில் என் பங்கு என்ன என்று எனக்குத் தெரியாது. ஆத்துமோட்டை ஒழித்தது நான் மட்டும்தான்.